நான்கு தும்மினால் நான்காவது விடை

தும்மியவர்களுக்கெல்லாம் ‘நூறு ஆயுசு’ என்று சொல்கிறோமே, அது மட்டும் பலிக்குமானால் நம் டிராயிங் மாஸ்டர் உலகம் முடிந்த பிறகும் தன்னந்தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். வருஷத்தில் பத்து மாதம் அவர் சாதாரண மனிதர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சாடி வரையச் சொல்லிக்கொடுப்பார், வீட்டில் குழாய் ஒழுகினால் சரிசெய்வார். மரங்கள் பூத்து மஞ்சள் மகரந்தத் தூள் கொட்டுகிற இரண்டு மாதம் மட்டும் அவர் வெறும் மூக்கு. விடியும்போதே மேலண்ணத்தில் அரிப்பு எடுக்கும். அப்புறம் கண். அப்புறம் காதுக்குள்ளே விரல் எட்டாத ஓர் இடம். அப்புறம் தும்மல். ஒன்றோ இரண்டோ மூன்றோ வரும், மிஞ்சினால் நான்கு. ஐந்தாவது தும்மல் என்று ஒன்று அவருக்கு வந்ததே கிடையாது. அது ஏன் என்று அவரும் யோசித்ததில்லை, தேர்வு வாரியம் கேட்கிற வரைக்கும்.

வைத்தியம் பார்க்காமல் இருந்தாரா என்றால், பார்க்காத வைத்தியம் எது என்று கேளுங்கள். ஆவி பிடித்து மூக்கு நுனி வெந்தது. உப்புத் தண்ணீரை ஒரு துவாரத்தில் ஊற்றி மறு துவாரத்தில் வாங்கப் போய், அது தொண்டைக்கும் காதுக்கும் கிளை பிரிந்தது. தேன் நக்கினார். ஊசி போட்டுக்கொண்டார். சர்க்கரை உருண்டை மருந்து தின்றதில் எறும்பு மட்டும் சட்டைப்பையைத் தேடி வந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒருவர், தும்மல் என்பது அகங்காரம் வெளியேறுவது, அதைத் தடுக்காதீர்கள் என்றார். மாஸ்டருக்கு இருந்த அகங்காரமெல்லாம் முதல் வாரத்திலேயே வெளியேறிவிட்டது, தும்மல் நிற்கவில்லை. ஏசி மெக்கானிக்காக இருக்கிற மச்சினன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வைத்தியத்தோடு வருவான். ஒரு ஞாயிறு, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் அத்தான் என்று சொல்லி ஒரு டப்பா மூக்குப்பொடி கொண்டுவந்தான். அன்றைக்கு மாஸ்டர் தும்மிய தும்மலுக்குப் பக்கத்து வீட்டு நாய் முதலில் குரைத்தது, பிறகு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாஸ்டரின் மனைவி டப்பாவைப் பிடுங்கி அலமாரி மேல்தட்டில் வைத்து, தம்பியையும் ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

கேட்ட மருந்து ஒன்றே ஒன்றுதான். மருந்துக்கடையில் கிடைக்கிற ஒரு மஞ்சள் மாத்திரை. அதைப் போட்டால் தும்மல் நிற்கும், மாஸ்டரும் நிற்பார். அதாவது நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவார். போன வருஷம் பரீட்சை ஹாலில் கண்காணிப்பு வேலைக்குப் போனபோது அதைப் போட்டுக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி குறட்டை விட்டார். பறக்கும் படை வந்து எழுப்பியது. ‘இனி முழு விழிப்புடன் இருக்கவும்’ என்று வாரியம் மெமோ கொடுத்தது. ஆகவே இந்த வருஷம் மாத்திரை போடாமல் முழு விழிப்புடன் போனார்.

டிராயிங் மாஸ்டர்களையே கண்காணிப்புக்குப் போடுவதில் வாரியத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. விடை தெரியாதவர்கள்தான் கண்காணிக்கத் தகுதியானவர்கள் என்பது அந்தக் கொள்கை. வாரியத்தில் மேலே போகப் போக இந்தத் தகுதி கூடிக்கொண்டே போகும். இன்னும் இரண்டு கொள்கைகள் உண்டு. ஹாலில் கைக்குட்டை கூடாது, ஏனென்றால் அதில் விடை எழுதலாம். ஜன்னல்களை மூடக்கூடாது, ஏனென்றால் பறக்கும் படை எட்டிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு தேர்வு மையத்திலும் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக மரம் நட்டவர் வாரியத் தலைவர். மாணவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவரே தேர்ந்தெடுத்த மரம். அது பூப்பது சரியாகப் பரீட்சை மாதத்தில்.

அன்று அவர் கண்காணித்த ஏழாம் அறையில் நாற்பது பேர் எழுதினார்கள். ஏழாம் அறைக்கு இந்தத் தடவை எப்படியும் விடை வந்துவிடும் என்று யாரோ வெளியே கதை கட்டிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காற்றடித்தது. மாஸ்டர் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று தும்மினார். நாற்பது பேனாக்கள் நான்கு விடைகளில் மூன்றாவதைக் கறுப்பாக்கின.

பதினைந்தே நாளில் புகார் போய்விட்டது. வாரியம் ஏழாம் அறையின் முடிவை மட்டும் நிறுத்திவைத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். வாரியம் அரைகுறையாக எதையும் செய்யாது. மொத்தப் பரீட்சையின் முடிவையும் நிறுத்திவிட்டது.

இங்கேதான் விவகாரம் மாஸ்டரின் வீட்டுக்குள் வந்தது. அவருடைய ஒரே மகள் ஊரின் இன்னொரு கோடியில் வேறொரு மையத்தில் அதே பரீட்சையை எழுதியிருந்தாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மயிரிழையில் போய்விட்டது. இது மூன்றாவது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். அவள் நன்றாக எழுதியிருந்தாள். வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர் தும்மும்போதெல்லாம் வீடு ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும், பிறகு தொடரும்.

முதல் விசாரணை வாரியத்தின் கூட்ட அறையில் நடந்தது. கண்ணாடி ஜன்னல், கனத்த திரை, ஏசி. தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. மாஸ்டருக்கு அங்கே மூச்சு அவ்வளவு சுகமாக வந்தது, அதனாலேயே பயமாகவும் இருந்தது. நடுவில் தலைவர், பக்கத்தில் செயலாளர், சுற்றிலும் தண்ணீர் குடிக்கிற உறுப்பினர்கள்.

“உங்க அறையில நாப்பது பேரும் ஒன்பது கேள்விக்கு ஒரே விடை போட்டிருக்காங்க” என்றார் தலைவர். “ஒரு தும்மலுக்கு முதல் விடை. நாலு தும்மலுக்கு நாலாவது விடை. என்ன சொல்றீங்க?”

“எனக்கு அந்த விடையெல்லாம் தெரியாதுங்க ஐயா. நான் டிராயிங் மாஸ்டர்.”

“தெரியாதுங்கிறது தெரியுது. ஒன்பதும் தப்பு.”

மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. தப்பான விடை சொன்னவனை யார் குற்றவாளி என்பார்கள்? அவர் வாரியத்தை அறியாதவர். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நெஞ்சிலிருந்து பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“இந்த வாரியத்துல வினாத்தாள் வெளியே போயிருக்கு. இல்லைன்னு நான் சொல்லல. ஆனா வெளியே போன விடை ஒரு தடவையாவது தப்பா இருந்திருக்கா? இருந்ததில்ல. பெத்தவங்க நம்மள நம்பி இருக்காங்க. அந்த நம்பிக்கையிலதான் நீங்க தும்மியிருக்கீங்க.”

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தும்மல் தானாக வருவது, தன் கையில் இல்லை என்று மாஸ்டர் மன்றாடினார். அப்படியானால் இப்போது ஒன்று தும்மிக் காட்டுங்கள் என்றார் செயலாளர். மாஸ்டர் முயன்றார். விளக்கைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்தார். முப்பது வருஷம் கேட்காமல் வந்தது, கேட்டபோது வரவில்லை. அறையில் காற்று அத்தனை சுத்தம். போன வாரம்தான் மச்சினனே வந்து அந்த ஏசியைக் கழுவிவிட்டுப் போயிருந்தான். ‘வேண்டும்போது அடக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையவர்’ என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாஸ்டர் மச்சினனைப் பார்த்த பார்வையில் அவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

இரண்டாவது விசாரணையை மரத்தடியில் வைக்கச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். தலைவர் நட்ட மரத்தின் கீழே மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. தலைவர் வந்து உட்கார்வதற்குள் துணி மஞ்சளாகிவிட்டது. மாஸ்டர் மனம் குளிரத் தும்மினார். இரண்டு, நான்கு, ஒன்று, நான்கு. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, பார்த்தீர்களா ஐயா, பார்த்தீர்களா என்று சந்தோஷமாக அழுதார். வாரியம் வரவழைத்திருந்த ஒலி நிபுணர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பதிவு செய்தார். தும்மலுக்கும் தும்மலுக்கும் இடைவெளி சமமாக இல்லை, ஆகவே இடையில் யோசனை நடக்கிறது என்று அவர் கருத்துச் சொன்னார்.

“சரி, அஞ்சு தடவை தும்முங்க பார்ப்போம்” என்றார் செயலாளர்.

“நாலுக்கு மேல எனக்கு வராதுங்க.”

“பரீட்சையிலயும் நாலு விடைக்கு மேல கிடையாது. உங்க மூக்குக்கு மட்டும் அது எப்படித் தெரிஞ்சது?”

மாஸ்டர் ஐந்தாவதுக்காகப் பூங்கொத்தையே பிடித்து முகர்ந்தார். நான்கோடு நின்றது. பாழாய்ப்போன மூக்கு, அன்றைக்கும் நான்கோடுதான் நின்றது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை மஞ்சள் தூளுக்கு நடுவே தலைவர் ஒரு தடவைகூட மூக்கைத் தொடவில்லை என்பதை மாஸ்டர் அப்போது கவனித்தார். என்ன கொடுத்துவைத்த மூக்கு என்று நினைத்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. பழைய பரீட்சை ரத்து. எல்லாரும் மறுபடியும் எழுத வேண்டும், அதுவும் மரங்கள் உதிர்ந்து முடிவதற்குள். தலைவர் நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

“ஒரு அறைக்கு மட்டும் தும்மல் கேட்டுச்சு, மத்த அறைக்குக் கேக்கல. அதுதானே அநீதி? இனி எல்லா மையத்திலயும் கால் மணிக்கு ஒரு தடவை அதே தும்மல ஒலிபெருக்கியில போடுவோம். எல்லாப் பிள்ளைங்களுக்கும் சமமான தும்மல். வாரியத்தின் தும்மல் இல்லாம வேற தும்மல் எந்த அறையில கேட்டாலும், தும்மினவங்க விடைத்தாளை அங்கேயே பிடுங்கிடுவோம்.”

மரத்தை வெட்டினால் என்ன என்று ஒரு நிருபர் கேட்டாராம். இயற்கையின்மேல் பழிபோடுவது கோழைத்தனம் என்று தலைவர் சொன்னாராம்.

மாஸ்டருக்கு இன்னொரு தனி உத்தரவும் வந்தது. பரீட்சையன்று அவர் எங்கேயோ ஒளிந்துகொண்டு தும்மினார் என்ற பேச்சு வரக்கூடாது. ஆகவே ஒரு தேர்வு மையத்தின் வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார வேண்டும், வாரிய டாக்டர் கொடுக்கிற மருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் தும்மாமல் உட்கார வேண்டும். மகள் எழுதுகிற மையத்தையே கேட்டுக்கொண்டார். அதற்குமட்டும் வாரியம் பெரிய மனது வைத்தது.

மகள் இரவும் பகலும் படித்தாள். ஒருநாள் காலையில் மாஸ்டர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்தாள். பிறகு நாக்கை மடித்து மேலண்ணத்தைச் சொறிந்தாள். மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டார்.

“போன வருஷத்துலேருந்தே கொஞ்சம் இருக்குப்பா. இந்த வருஷம் ஜாஸ்தி. அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

முப்பது வருஷ ஆராய்ச்சியை அவர் ஒரே வாரத்தில் மகள் காலடியில் கொட்டினார். ஆவி, உப்புத் தண்ணீர், மூக்கு ஓரத்தில் வாசலின், நனைத்த துணி, வெளியே போய்வந்ததும் தலைக்குக் குளியல். எதுவுமே தனக்குக் கேட்டதில்லை என்பது தெரிந்தும், பிள்ளைக்காவது கேட்காதா என்கிற நப்பாசை. மஞ்சள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துப் பார்த்தார். மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள் மூன்றாம் கேள்வியின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அவளை எழுப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கஷ்டப்பட்டுச் சேர்த்துவைத்தது என்று பிள்ளைக்குக் கொடுக்க அவரிடம் வேறு சொத்து இல்லை, இந்த மூக்கு ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்.

பரீட்சை நாள். மையத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே பெற்றோர் கூட்டம். சுவருக்கு உள்ளே வரிசையாகத் தலைவரின் மரங்கள், அதற்கும் அந்தப் பக்கம் அகலத் திறந்த ஜன்னல்கள். வாசலில் மகளைச் சோதித்த பெண்மணி அவள் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி மாஸ்டரிடமே கொடுத்தாள். மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவள் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது.

வாரிய டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை நீட்டினார். தூக்கம் வருமா என்று மாஸ்டர் கேட்டார். வராது, இது நல்ல மாத்திரை, வாரிய உறுப்பினர்களுக்காகவே வரவழைப்பது என்றார் டாக்டர்.

“தலைவருக்கும் உங்க வியாதிதானே. மரம் நட்ட வருஷத்துலேருந்து சாப்பிடறார். ஒரு தும்மல் உண்டா?”

மாஸ்டர் அந்த மாத்திரையையே உற்றுப் பார்த்தார். அந்த நாசமாய்ப்போன மாத்திரை இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. தன் மகளுக்கு ஒன்று கொடுங்கள், காலில் விழுகிறேன் என்றார். தேர்வு எழுதுகிறவருக்கு வாரியம் மருந்து கொடுத்தால் அது முறைகேடு என்றார் டாக்டர். சரி என்று மாத்திரையை வாயில் போட்டு நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டார், எப்படியாவது உள்ளே சேர்த்துவிடலாம் என்று. டாக்டர் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்து விழுங்கவைத்தார். மணி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் அண்ணம் அடங்கியது, கண் தெளிந்தது. வாசலை ஒட்டிய மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பூக்களின் வாசனை என்ன என்று தெரிந்துகொண்டார். நல்ல வாசனைதான். ஒலிபெருக்கி அவர் குரலில் நான்கு தடவை தும்மியது. உள்ளே தலைகள் குனிந்து எழுதின. செயலாளர் கையில் டிக் டிக் என்று எண்ணுகிற ஒரு கருவியோடு தாழ்வாரத்தில் நடந்தார். வாரியத்தின் தும்மல் நான்கையும் எண்ணிச் சரிபார்த்தார்.

அடுத்த கால் மணிக்கும் ஒலிபெருக்கி நான்கு தடவை தும்மியது. ஐந்தாவதாக ஒன்று கேட்டது.

மெல்லிய தும்மல். வாயை மூடி, பாதியில் கடித்து விழுங்கிய தும்மல். அது யாருடையது என்று மாஸ்டருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. செயலாளர் நின்றார். டிக். காதை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக நடந்தார். இன்னொன்று வந்தால் அறை தெரிந்துவிடும், இன்னும் ஒன்று வந்தால் ஆளும் தெரிந்துவிடும்.

மாஸ்டர் எழுந்து கிளையைப் பிடித்து வளைத்தார். பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்து நெஞ்சு நிறைய இழுத்தார். தான் தும்மினால் அவள் தும்மல் இதில் மறைந்துபோகும். வா, வந்து தொலை என்று மூக்கைக் கெஞ்சினார். முகமெல்லாம் மஞ்சள் அப்பியது. தும்மல் வரவில்லை. வாரிய மாத்திரை நல்ல மாத்திரை.

உள்ளே இன்னொரு தும்மல். டிக்.

“ஹ... ஹச்ச்சூ!”

சுவருக்கு வெளியே மாஸ்டரின் மனைவி. முப்பது வருஷமாக அவர் தும்மும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், வெயில்பட்டால்கூடத் தும்மாதவள், சுவர்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கத்தினாள். அது தும்மல் மாதிரியே இல்லை. செயலாளர் திரும்பினார். அதற்குள் அவள் தம்பி இன்னொரு மூலையிலிருந்து ஒன்று போட்டான். பக்கத்தில் நின்ற தையல்காரருக்கு முகம் வெளுத்திருந்தது. உள்ளே தும்மியது தன் பிள்ளைதானோ என்று அவருக்குத் திகில். அவரும் தும்மினார். அவருக்கு அடுத்து நின்ற நர்ஸம்மாவுக்கும் அதே திகில். சுவர் நெடுக நின்ற அத்தனை பேருக்கும் அது தான் பெற்ற பிள்ளையின் தும்மலாகவே கேட்டிருந்தது. சுவரே தும்ம ஆரம்பித்தது. செயலாளர் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கருவியை அமுக்கினார். கட்டைவிரல் ஈடுகொடுக்கவில்லை. உள்ளேயிருந்து அதற்குப் பிறகு எத்தனை தும்மல் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மணி அடித்ததும் மகள் வெளியே வந்தாள். மூக்கு பழுத்திருந்தது, கண் வீங்கியிருந்தது, கையில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டதற்கான சீட்டு இருந்தது. மாஸ்டர் வாசலில் வாங்கிவைத்த கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். அவள் ஆசைதீர மூக்கைச் சிந்தினாள்.

“யாருப்பா அது, முதல்ல அவ்வளவு மோசமா தும்மினது?”

“நான்தான்டி” என்றாள் அம்மா. பிறகு கலைந்துபோகிற பெற்றோர் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “நாளைக்கு ரெண்டாவது பேப்பர் இருக்கு. எல்லாரும் நேரத்தோட வந்துடுங்க.”

தம்பி பக்கம் திரும்பினாள்.

“வீட்டு அலமாரி மேல்தட்டுல அந்த மூக்குப்பொடி டப்பா இருக்கு. மறக்காம எடுத்துட்டு வா.”